306-ம் எண் அறையை வாடகைக்கு விடாதவர்

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங்குக்கு அமெரிக்காவில் நினைவிடம் அமைத்தது அரசாங்கமா, மக்களா? எங்கள் ஊரில் உரிமைக்காகப் போராடிய ஒருவருக்கு நினைவிடம் வைக்க நாலைந்து பேர் சேர்ந்து அலைந்துகொண்டிருக்கிறோம். அங்கே எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு உதவும்.

மக்கள்தான். அரசு சட்டம் போட்டுக் கொடுத்தது, நிலம் கொடுத்தது, ஓரளவு பணமும் கொடுத்தது. ஆனால் "இதை நாம் செய்தாக வேண்டும்" என்று முதலில் எழுந்தவர்கள் ஒரு விடுதிக்காரர், ஒரு வக்கீல், ஒரு வானொலி நிலைய மேலாளர், ஒரு கல்லூரிக் காலச் சங்கத்து நண்பர்கள் என்று உங்களைப் போன்ற நாலைந்து பேர்தான். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கிங் 1959-ல் இந்தியா வந்தபோது கன்னியாகுமரி வரை வந்து, சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் பார்த்துவிட்டு, ஊர் திரும்பி அதைப் பிரசங்கத்திலும் சொன்னவர். அவரை எனக்கு ஒருபோதும் வேற்று ஆளாக நினைக்கத் தோன்றியதில்லை.

கிங் பெயரில் அமெரிக்கா முழுக்கத் தெருக்களும் பள்ளிகளும் உண்டு. அட்லாண்டாவில் அவர் மனைவி கொரெட்டா 1968-லேயே தொடங்கிய கிங் மையம் இருக்கிறது, கல்லறையும் அங்கேதான். உங்களுக்குப் பாடமாக இருக்கக்கூடியவை இரண்டு: மெம்பிஸ் நகரில் அவர் சுடப்பட்ட லொரெய்ன் விடுதி, தலைநகர் வாஷிங்டனில் உள்ள பெரிய சிலை. எல்லோருக்கும் தெரிந்தது வாஷிங்டன் சிலை. சின்ன ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு மெம்பிஸ் கதைதான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

கிங் மெம்பிஸுக்கு ஏன் போனார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1968 பிப்ரவரி 1 அன்று மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்குக் குப்பை லாரியின் பின்பக்கத்தில் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென்று ஓட, இருவரும் அதில் சிக்கிச் செத்தார்கள். பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்ட அட்டையில் இருந்தது ஒரே வாக்கியம்: "நான் ஒரு மனிதன்". அவர்களுக்குத் துணையாகத்தான் கிங் திரும்பத் திரும்ப அங்கே போனார். ஏப்ரல் 4 மாலை 6 மணி 1 நிமிடத்துக்கு, லொரெய்ன் விடுதியில் 306-ம் எண் அறைக்கு வெளியே மாடித் தாழ்வாரத்தில் நின்றவரைச் சுட்டார்கள்.

அந்த விடுதியை நடத்தியவர் வால்டர் பெய்லி. 1945-ல் வாங்கி, மனைவி லோரியின் பெயரையும் அப்போது பிரபலமாக இருந்த ஒரு பாட்டையும் நினைத்து லொரெய்ன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் விடுதிகளில் கறுப்பினத்தவர்களுக்கு அறை கிடைக்காத காலம் அது. ரே சார்ல்ஸ், அரீதா ஃப்ராங்ளின் போன்ற பெரிய பாடகர்களும் மெம்பிஸ் வந்தால் இங்கேதான் தங்குவார்கள். கிங் சுடப்பட்ட அன்று மாலையே லோரிக்கு மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. ஏப்ரல் 9 அன்று, அட்லாண்டாவில் கிங்கின் இறுதிச் சடங்கு நடந்த அதே நாளில், அவரும் இறந்துபோனார்.

ஒரே வாரத்தில் மனைவியையும், தன் விருந்தாளியாக வந்த தலைவரையும் இழந்த மனிதர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். 306-ம் எண் அறையை அவர் மறுபடி யாருக்கும் வாடகைக்கு விடவே இல்லை. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அதைச் சின்ன நினைவிடமாக வைத்தார். அரசு சொல்லிச் செய்ததல்ல. கிங்குக்கு மெம்பிஸில் எழுந்த முதல் நினைவிடம் அதுதான் என்று நான் சொல்வேன். அங்கே வைத்த கல்வெட்டில் பைபிளில் யோசேப்பைப் பற்றி அவன் சகோதரர்கள் பேசும் வசனம் இருக்கிறது: இதோ சொப்பனக்காரன் வருகிறான், அவனைக் கொன்றுபோடுவோம், அவன் கனவுகள் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

விடுதி மட்டும் தேய்ந்துகொண்டே போனது. எல்லா விடுதிகளிலும் கறுப்பினத்தவர்களுக்கு இடம் கிடைக்க ஆரம்பித்த பிறகு, வசதியுள்ளவர்கள் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போராடி வாங்கிய உரிமையே இந்த விடுதியின் வியாபாரத்தைக் கெடுத்தது என்பது நினைத்தால் மனதைப் பிசைகிற விஷயம். சுற்றுவட்டாரமும் சீரழிந்தது. கடைசியில் மாதக் கணக்கில் குறைந்த வாடகைக்குத் தங்குகிற ஏழைகள்தான் மிஞ்சினார்கள். 1982-ல் பெய்லி திவாலானார், விடுதி ஏலத்துக்கு வந்தது.

இங்கேதான் அந்த நாலைந்து பேர் வருகிறார்கள். கறுப்பினத்தவர்களுக்காகவே நிகழ்ச்சி நடத்திய டபிள்யூ.டி.ஐ.ஏ வானொலியின் மேலாளர் சக் ஸ்க்ரக்ஸ், வக்கீல் டார்மி பெய்லி (விடுதிக்காரர் பெய்லிக்கு உறவில்லை) இன்னும் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். வானொலியில் கேட்டார்கள், தெரிந்தவர்களிடம் கேட்டார்கள். பணம் முழுசாகச் சேரவில்லை. கறுப்பினத்தவர்கள் நடத்திய ஒரு வங்கி கடன் கொடுத்தது. 1968-ல் வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்களின் தொழிற்சங்கமும் கை கொடுத்தது. டிசம்பரில் நீதிமன்ற வாசலில் நடந்த ஏலத்தில் 1,44,000 டாலருக்கு விடுதியை எடுத்தார்கள். அன்று வேறு யாராவது எடுத்திருந்தால் அந்தத் தாழ்வாரம் இடிபட்டுப் போயிருக்கலாம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிற முதல் விஷயம் இதிலிருந்துதான் வருகிறது. சிலைக்கு நன்கொடை கேட்கும் முன்னால் இடத்தைப் பாருங்கள். அவர் பிறந்த வீடோ, கூட்டம் போட்ட திண்ணையோ, அடிபட்ட தெருமுனையோ எதுவாக இருந்தாலும், அது யார் பெயரில் இருக்கிறது, பத்திரம் சரியாக இருக்கிறதா, விற்பனைக்கு வரப்போகிறதா என்று பார்த்து வையுங்கள். சிலையை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இடம் கைவிட்டுப் போனால் போனதுதான்.

அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் ஆனது. மாநில அரசு, மாவட்ட நிர்வாகம், நகராட்சி மூன்றும் சேர்ந்து பணம் ஒதுக்க 1980-களின் பிற்பாதி வந்துவிட்டது. தேசிய குடிமை உரிமை அருங்காட்சியகம் என்ற பெயரில் 1991 செப்டம்பரில் கதவு திறந்தது. வால்டர் பெய்லி 1988-லேயே இறந்துவிட்டார். அவர் பூட்டிக் காத்த அறையைச் சுற்றித்தான் அந்த அருங்காட்சியகம் முழுவதும் இருக்கிறது. இன்றும் போனால் 306-ம் எண் அறையை 1968-ல் இருந்தபடியே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். வெளியே தாழ்வாரக் கம்பியில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு மலர் வளையம்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஜாக்குலின் ஸ்மித்தைச் சொல்லாமல் விட்டால் உண்மை பாதிதான் வரும். அவர் அந்த விடுதியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தவர், 1973 முதல். அருங்காட்சியகம் கட்டுவதற்காக எல்லோரையும் காலி செய்யச் சொன்னபோது அவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். 1988 மார்ச் 2 அன்று காவலர்கள் வந்து அவரைத் தூக்கி வெளியே விட்டார்கள். விடுதிக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், வெயிலிலும் குளிரிலும், ஒரு மேசையும் பதாகைகளுமாக அங்கேயே மறியலைத் தொடர்ந்தார்.

அவர் கேட்பது எளிமையான கேள்வி. கிங் சாகும்போது ஏழைகளுக்காகத்தான் போராடிக்கொண்டிருந்தார். அவர் நினைவாக ஏழைகளையே வெளியேற்றலாமா? இத்தனை கோடிகளை வீடில்லாதவர்களுக்கு வீடாகவும், நோயாளிகளுக்கு மருத்துவமாகவும் ஆக்கியிருந்தால் அதுதானே அவருக்கு நினைவுச் சின்னம்?

அருங்காட்சியகம் வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. அது இல்லாவிட்டால் இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தக் கழுத்து அட்டைகளின் அர்த்தம் தெரியாமலே போயிருக்கும். ஆனாலும் ஸ்மித்தைத் தொந்தரவு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. நினைவிடம் வந்ததும் சுற்றிலும் நில விலை ஏறுகிறது, கடைகள் வருகின்றன, பழைய குடித்தனக்காரர்கள் வாடகை கட்ட முடியாமல் நகர்ந்துவிடுகிறார்கள். அவர் முன்கூட்டியே சொன்னதுதான் நடந்தது. உங்கள் முயற்சியிலும் எதிர்த்துப் பேச ஒருவர் வருவார். அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். அந்தத் தலைவர் கடைசியாக எதைக் கேட்டார் என்பது சில சமயம் அவருக்குத்தான் சரியாக நினைவிருக்கும்.

சரி, வாஷிங்டனுக்கு வருகிறேன். இங்கே தொடங்கியவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சங்கத்தினர். 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஏற்படுத்திய சகோதரச் சங்கம் அது. பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 1952-ல் கிங்கும் அதில் உறுப்பினரானார். 1980-களின் நடுவில், வாஷிங்டனை ஒட்டிய ஒரு வீட்டில் அந்தச் சங்கத்து நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இந்த யோசனை பிறந்தது. கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டம் 1983-ல்தான் கையெழுத்தாகியிருந்தது. விடுமுறை வந்தாயிற்று, தலைநகரில் ஓர் இடமும் வேண்டும் என்று நினைத்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைத் தேதிகளாகச் சொன்னாலே எத்தனை பொறுமை வேண்டியிருந்தது என்று தெரியும். 1996-ல் நாடாளுமன்ற அனுமதி, கிளிண்டன் கையெழுத்து. 1999-ல் இடம் முடிவானது: லிங்கன், ஜெஃபர்சன் நினைவிடங்களுக்கு நடுவே, நீர்க்கரையில் 4 ஏக்கர். 2000-ல் வடிவமைப்புப் போட்டி. 900-க்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன, சான் ஃபிரான்சிஸ்கோவின் ரோமா நிறுவனம் வென்றது. 2006 நவம்பரில் பூமி பூஜை மாதிரியான தொடக்க விழா. 2011 ஆகஸ்ட் 28-ல், 1963-ல் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியின் 48-ம் ஆண்டு நாளில், திறப்பு விழா என்று அறிவித்தார்கள். ஐரீன் புயல் வந்து அதையும் தள்ளிப்போட்டது. அக்டோபர் 16 அன்று ஒபாமா முன்னிலையில் விழா நடந்தது. பேச்சு ஆரம்பித்து கால் நூற்றாண்டுக்கு மேல். செலவு சுமார் 12 கோடி டாலர். பெரிய நிறுவனங்கள் நிறையக் கொடுத்தன, நாடாளுமன்றம் 1 கோடி டாலர் கொடுத்தது, மிச்சத்துக்கு ஊர் ஊராக நன்கொடை.

செலவுக் கணக்கில் ஒரு வரி பலரை வருத்தியது. கிங்கின் உருவத்தையும் சொற்களையும் பயன்படுத்துவதற்காக அவர் குடும்பத்தின் நிறுவனத்துக்குச் சுமார் 8 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. சட்டப்படி அது அவர்கள் உரிமை. ஆனால் பத்தும் இருபதுமாகப் பணம் அனுப்பியவர்களுக்கு அது கசந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த தலைவரின் வாரிசுகளிடம் முதல் மாதத்திலேயே பேசி, புகைப்படம், எழுத்து, பெயர் எல்லாவற்றுக்கும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

சிற்பி விஷயமும் பெரிய சண்டையானது. சீனாவின் சாங்ஷா நகரைச் சேர்ந்த லெய் யிஷின் தேர்வானார். மாவோ சிலைகள் செய்தவர். கறுப்பினத் தலைவருக்குச் சிலை செய்யக் கறுப்பினச் சிற்பி இந்த நாட்டில் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். கல்லும் சீனாவிலிருந்து வந்தது, 159 கருங்கல் பாளங்களாக. உள்ளூர்க் கல்தச்சர் சங்கம் போராடியது. தொழிலாளர்களுக்காக உயிரைக் கொடுத்தவரின் சிலையில் கூலிப் பிரச்சினையா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 2008-ல் அரசின் நுண்கலை ஆணையமும் மாதிரி வடிவத்தைப் பார்த்துவிட்டு, சிலை சண்டைக்கு நிற்பதுபோல இருக்கிறது, வேறு நாடுகளில் சமீபத்தில் பிடுங்கி எறிந்த அரசியல் சிலைகளை நினைவூட்டுகிறது என்று எழுதியது. அதற்குப் பிறகு முகத்தைக் கொஞ்சம் மென்மையாக்கினார்கள். 30 அடி உயரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, கல்லிலிருந்து பாதி வெளிப்பட்ட நிலையில் நிற்கிறார் கிங். இரண்டாகப் பிளந்த மலையின் நடுத் துண்டு முன்னால் நகர்ந்து வந்ததுபோல அமைப்பு. "விரக்தி என்ற மலையிலிருந்து நம்பிக்கை என்ற ஒரு கல்" என்று அந்த 1963 பேரணிப் பேச்சில் அவர் சொன்னதை அப்படியே கல்லாக்கியிருக்கிறார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அந்த நினைவிடத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு வாக்கியம். இப்போது அது அங்கே இல்லை.

1968 பிப்ரவரி 4, சாவதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பு, அட்லாண்டாவில் தன் தேவாலயத்தில் கிங் ஒரு பிரசங்கம் செய்தார். பேண்டு வாத்தியக் குழு தெருவில் போகும்போது முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு ஒருவர் நடப்பாரே, அந்த டிரம் மேஜரைப் பற்றி. எல்லோருக்குள்ளும் முன்னால் நிற்க வேண்டும், கைதட்டல் வாங்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, அதைக் கவனியுங்கள் என்றுதான் பேச்சு. முடிவில் தன் சாவைப் பற்றிச் சொன்னார். என் இறுதிச் சடங்கில் நீளமாகப் பேச வேண்டாம், நோபல் பரிசைச் சொல்ல வேண்டாம். நான் டிரம் மேஜர் என்று சொல்லத்தான் வேண்டுமென்றால், நீதிக்கான டிரம் மேஜர் என்று சொல்லுங்கள். அமைதிக்கான, நேர்மைக்கான டிரம் மேஜர் என்று சொல்லுங்கள். அந்த ஒலிப்பதிவைத்தான் ஏப்ரல் 9 அன்று அவர் இறுதிச் சடங்கில் ஒலிக்கவிட்டார்கள்.

சிலையின் பக்கவாட்டில் செதுக்கியபோது அது இப்படி ஆனது: "நான் நீதிக்கும் அமைதிக்கும் நேர்மைக்கும் டிரம் மேஜராக இருந்தேன்". இடம் போதவில்லை என்று சுருக்கினார்கள். "என்றால்" போய்விட்டது. அந்த ஒரு சொல்லோடு கிங்கின் பணிவும் போய்விட்டது. எதை வேண்டாம் என்று அந்தப் பிரசங்கத்தில் எச்சரித்தாரோ, அதையே அவர் வாயால் சொன்னதுபோலக் கல்லில் எழுதிவிட்டார்கள். கவிஞர் மாயா ஏஞ்சலோ வெளிப்படையாகவே கோபப்பட்டார். இது கிங்கைத் தற்பெருமைக்காரராகக் காட்டுகிறது என்றார். 2012-ல் அரசு அதை மாற்ற உத்தரவிட்டது. மாற்றி எழுதினால் கல்லில் ஒட்டுப்போட்டதுபோல ஆகிவிடும், சிலையின் பலமும் கெடும் என்பதால், 2013 ஆகஸ்டில் அதே சிற்பி வந்து எழுத்துகளின் மேலேயே நீளநீளமான கோடுகளைச் செதுக்கி வாக்கியத்தை அழித்தார். இன்று பார்த்தால் மலைப் பாறையில் கீறல்கள் போலத்தான் தெரியும்.

இத்தனை கோடி செலவு, இத்தனை வருஷம், எத்தனையோ குழுக்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடி எழுத வேண்டும் என்பதில் தவறிவிட்டார்கள். அதனால் உங்கள் கல்வெட்டு வாசகத்தை எல்லோருக்கும் முன்னால் படித்துக் காட்டுங்கள், அவர் பேசியதை நேரில் கேட்டவர்கள் இருந்தால் அவர்களிடம் முதலில். சுருக்க வேண்டி வந்தால் வேறு வாக்கியம் தேடுங்கள், அல்லது பெரிய கல் வாங்குங்கள்.

மறுபடி மெம்பிஸ். அந்த 1,300 பேர் என்ன ஆனார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கிங் இறந்து 12 நாள் கழித்து, ஏப்ரல் 16 அன்று, நகராட்சி இறங்கிவந்து அவர்கள் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்களில் பலர் முறையான ஓய்வூதியம் இல்லாமலே முதுமையடைந்தார்கள். சிலர் எழுபது வயது தாண்டியும் குப்பை லாரியில் வேலைக்குப் போனார்கள். 2017-ல்தான், அப்போது உயிரோடிருந்ததாகத் தெரிந்த 14 பேருக்குத் தலா 50,000 டாலர் தருவதாக நகராட்சி அறிவித்தது. மறு வருஷம், 1968-ல் அவர்கள் ஊர்வலம் புறப்பட்ட கிளேபார்ன் தேவாலயத்தின் பக்கத்தில், "நான் ஒரு மனிதன்" என்ற சொற்களைப் பெரிய பெரிய எழுத்துகளாக நிறுத்தி ஒரு திறந்தவெளிச் சதுக்கம் அமைத்தார்கள். அங்கே கிங்குக்குச் சிலை இல்லை. வேலைநிறுத்தம் செய்தவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள், ஒவ்வொருவராக. 50 வருஷம் கழித்து.

உங்கள் ஊரில் அவரோடு நடந்தவர்கள், சிறைக்குப் போனவர்கள், சமைத்துப் போட்டவர்கள், துண்டறிக்கை ஒட்டியவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு, அவர்கள் எப்படி எழுதுவார்களோ அப்படியே பெயரை எழுதி வாங்குங்கள். யார் யார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.